கல்ச்சர் இல்லாமல், ஒளியை வைத்தே கிருமியைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி இதுதான்: "தங்கம் அல்லது வெள்ளி நானோ துகள்களோடு பாக்டீரியாவைக் கலந்து லேசர் ஒளி பாய்ச்சினால், அது எந்தக் கிருமி என்று சில நிமிடங்களில் சொல்லிவிடலாம் என்கிறார்கள். என் அப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தபோது கல்ச்சர் ரிப்போர்ட்டுக்கு மூன்று நாள் காத்திருந்தோம். இந்த முறை உண்மையிலேயே வேலை செய்கிறதா? செய்கிறது என்றால் ஏன் இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை?"

வேலை செய்கிறது. ஒளியும் உலோகமும் செய்யவேண்டியதைச் சரியாகவே செய்கின்றன. அந்த உலோகத்துக்குப் பக்கத்தில் எது வந்து ஒட்டுகிறது என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. அதனால் "இந்த மாதிரியில் இந்தக் குறிப்பிட்ட கிருமி இருக்கிறதா?" என்று கேட்டால் இப்போதே நம்பத்தகுந்த பதில் கிடைக்கிறது. "இதில் என்ன கிருமி இருக்கிறது?" என்று திறந்த கேள்வியாகக் கேட்டால் பதில் இன்னும் தடுமாறுகிறது. ஏன் அப்படி என்று சொல்வதற்குக் கொஞ்சம் அடிப்படையிலிருந்து வரவேண்டும், பதில் நீளும்.

முதலில் அந்த மூன்று நாள் எங்கே போகிறது என்று பார்ப்போம். சிறுநீரை லேபில் அகார் என்ற ஊட்டக் கூழ் நிரப்பிய தட்டில் தடவி, 37 டிகிரி இன்குபேட்டரில் ஓர் இரவு வைப்பார்கள். நல்ல உணவு கிடைத்தால் ஈ.கோலை பாக்டீரியா சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அப்படியும், ஒரே ஒரு செல் பெருகிக் கண்ணுக்குத் தெரிகிற புள்ளியாக, அதாவது காலனியாக, மாறுவதற்கு 18 முதல் 24 மணி நேரம் ஆகும். பிறகு அந்தக் காலனி எந்த இனம் என்று பார்க்கவேண்டும். மால்டி-டாஃப் என்கிற நிறை நிறமாலைக் கருவி இருக்கிற பெரிய மருத்துவமனையில் அது சில நிமிட வேலை. இல்லாத இடத்தில் உயிர்வேதியியல் சோதனைகளுக்கு இன்னொரு நாள். அப்புறம் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறிய, ஆன்டிபயாட்டிக் வட்டுகளை வைத்து மறுபடியும் ஓர் இரவு வளர்க்கவேண்டும். ஆக, நேரத்தில் பெரும்பகுதி பாக்டீரியா வளர்வதற்காகக் காத்திருப்பதிலேயே போகிறது. அந்த இடைவெளியில் மருத்துவர் அனுபவத்தை வைத்து ஊகித்து ஒரு மருந்து கொடுப்பார். பெரும்பாலும் பல வகைக் கிருமிகளைத் தாக்கும் மருந்தாகத்தான் அது இருக்கும். இந்த ஊக மருத்துவம் உலகம் முழுக்கச் சேர்ந்து சேர்ந்துதான் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்து எதிர்ப்புள்ள பாக்டீரியாத் தொற்றுகளால் நேரடியாக ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஒரு பெரிய உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது. வளர்க்காமலேயே கிருமியை அடையாளம் காண முடியுமா என்று ஏன் இத்தனை பேர் பாடுபடுகிறார்கள் என்பதற்கு இதுவே காரணம்.

ஒளி உள்ளே வருவது இப்படி. ஒரு பொருளின் மீது ஒரே நிறமுள்ள ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளி ஏறக்குறைய முழுவதும் அதே நிறத்தில்தான் இருக்கும். சிதறுகிற ஃபோட்டான்களில் கோடியில் ஒன்று போலத்தான் மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, நிறம் மாறி வெளியே வரும். எவ்வளவு மாறியது என்று அளந்தால், உள்ளே எந்தப் பிணைப்பு எந்த வேகத்தில் அதிர்கிறது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அதிர்வுகளின் தொகுப்பு வேறு என்பதால், அந்த நிறமாலையை வைத்து மூலக்கூறை அடையாளம் காணலாம். இதுதான் ராமன் விளைவு. 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தா பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டது. ராமன் திருச்சியில் பிறந்தவர், கிருஷ்ணன் வத்திராயிருப்பில் பிறந்தவர். நோபல் பரிசு ராமனுக்குக் கிடைத்தது என்பதற்காகக் கிருஷ்ணனின் பெயரை விட்டுவிடுகிற பழக்கம் எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. அந்த மாதங்களில் சோதனைகளைக் கையால் செய்தவர் அவர். ஆரம்பச் சோதனைகளில் அவர்களுடைய ஒளிமூலம் சூரியன். வந்த ஒளி அவ்வளவு மங்கல் என்பதால், நிறமாலையைப் படமெடுக்கத் தகடுகளைப் பல மணி நேரம் ஒளியில் வைத்திருக்கவேண்டியிருந்தது.

இந்த மங்கல்தான் பாக்டீரியா விஷயத்திலும் முதல் தடை. ஒரு ஈ.கோலை செல் சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளம், அகலம் அதில் பாதியோ அதைவிடக் குறைவோ. அவ்வளவு சிறிய பொருளிலிருந்து வரும் ராமன் ஒளி சொற்பம். உயிர்ப்பொருள்கள் லேசரில் ஒளிர்வதால் வரும் பின்னணி வெளிச்சம் அதையும் மூழ்கடித்துவிடப் பார்க்கும். இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. எல்லா பாக்டீரியாவும் புரதம், கொழுப்பு, டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்று ஒரே வகைப் பொருள்களால் ஆனவை. ஃபினைல்அலனைன் அமினோ அமிலத்தின் உச்சம் 1003 அலை எண்ணில் (நிறம் எவ்வளவு மாறியது என்பதைக் குறிக்கும் அளவு) எல்லாவற்றிலும் வரும். புரதப் பிணைப்பின் உச்சம் 1650ஐ ஒட்டி எல்லாவற்றிலும் வரும். வித்தியாசம் எல்லாம் உச்சங்களின் உயர விகிதத்தில்தான். மங்கலான, ஒன்றுபோலத் தெரிகிற வரைபடங்களில் நுணுக்கமான வித்தியாசத்தைத் தேடவேண்டும்.

இங்கேதான் உலோகம் உதவிக்கு வருகிறது. தங்கம், வெள்ளி போன்ற உலோகங்களில் கட்டற்ற எலக்ட்ரான்கள் உண்டு. துகள் சில பத்து நானோமீட்டர் அளவுக்குச் சிறிதாக இருந்தால், மேலே படுகிற ஒளியின் மின்புலத்துக்கு ஏற்ப அந்த எலக்ட்ரான்கள் மொத்தமாக இப்படியும் அப்படியும் ஆடும். ஊஞ்சலைச் சரியான தாளத்தில் தள்ளினால் சின்னச் சின்னத் தள்ளுகளே பெரிய வீச்சாகிவிடும் அல்லவா, அதேபோல் ஒளியின் அலைநீளம் துகளின் இயல்பான தாளத்தோடு பொருந்தும்போது ஆட்டம் மிகப் பெரிதாகும். இதற்குப் பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்று பெயர். சிறிய தங்கக் கோளத்துக்கு இது 520 நானோமீட்டரை ஒட்டி நடக்கும், வெள்ளிக்கு 400ஐ ஒட்டி. அப்போது துகளின் மேற்பரப்பில் மின்புலம் பல மடங்கு குவிகிறது. அங்கே ஒட்டியிருக்கிற மூலக்கூறின் ராமன் ஒளி, மின்புலப் பெருக்கத்தின் நான்காம் அடுக்காகக் கூடும். மின்புலம் 10 மடங்கானால் ராமன் ஒளி 10,000 மடங்கு. இரண்டு துகள்களுக்கு நடுவே ஒரு நானோமீட்டர் போல இடைவெளி இருந்தால் அந்தச் சந்தில் பெருக்கம் இன்னும் எங்கேயோ போய்விடும். அந்தச் சந்துகளை 'ஹாட் ஸ்பாட்' என்பார்கள்.

இது தெரியவந்த விதமும் சுவாரஸ்யம். 1974இல் இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஃபிளைஷ்மான், ஹெண்ட்ரா, மெக்குவில்லன் மூவரும் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயில் ஒட்டியிருந்த பிரிடீன் என்ற கரிமச் சேர்மத்திலிருந்து நல்ல ராமன் ஒளி வருவதைக் கண்டார்கள். பரப்பு அதிகம், அதனால் மூலக்கூறுகள் அதிகம் என்று நினைத்தார்கள். 1977இல் அமெரிக்காவில் வான் டைனின் குழுவும் இங்கிலாந்தில் கிரெய்ட்டனின் குழுவும் தனித்தனியே கணக்குப் போட்டுப் பார்த்து, பரப்பு கூடியதால் மட்டும் இது வரவே முடியாது, ஒவ்வொரு மூலக்கூறின் ஒளியும் லட்சம் மடங்குக்கும் மேல் பெருகியிருக்கிறது என்று காட்டினார்கள். 1997இல் இரண்டு குழுக்கள் ஒற்றைச் சாய மூலக்கூறையே இந்த முறையில் கண்டன. மேற்பரப்பால் பெருக்கப்பட்ட ராமன் நிறமாலையியல் என்பது முழுப் பெயர். ஆய்வகத்தில் எல்லாரும் சுருக்கமாக 'செர்ஸ்' என்றுதான் சொல்வார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

தங்கத் துகள்களைத் தயாரிப்பது நீங்கள் நினைப்பதைவிட எளிது. மிக நீர்த்த குளோரோஆரிக் அமிலக் கரைசலைக் கொதிக்க வைத்து, அதில் சோடியம் சிட்ரேட்டைச் சேர்ப்பார்கள். மங்கலான மஞ்சள் நிறம் முதலில் மறையும், பிறகு கருநீலம் எட்டிப் பார்க்கும், சில நிமிடங்களில் கரைசல் ஒயின் சிவப்பாகிவிடும். உள்ளே 15, 20 நானோமீட்டர் அளவில் தங்கக் கோளங்கள். சிட்ரேட் அவற்றுக்கு எதிர்மின் போர்வை போர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்திருக்கும். அதில் உப்புக் கரைசல் கொஞ்சம் விட்டால் போர்வை பலனிழந்து துகள்கள் கொத்துக்கொத்தாகச் சேரும், சிவப்பு நீலமாக மாறும். நிறம் மாறும் அந்த நொடியில்தான் ஹாட் ஸ்பாட்டுகள் பிறக்கின்றன. எவ்வளவு உப்பு, எவ்வளவு நேரம் என்பதில் சின்ன மாற்றம் இருந்தாலும் கொத்துகளின் அமைப்பு மாறும், பெருக்கமும் மாறும். ஒரே மாணவர் ஒரே செய்முறையில் இரண்டு நாள் செய்த கரைசல்கள் இரண்டு மாதிரி நடந்துகொள்வது இந்தத் துறையில் அன்றாட விஷயம். வெள்ளி இன்னும் பலமாகப் பெருக்கும், ஆனால் காற்றில் கெட்டுப்போகும். தங்கம் கொஞ்சம் சாது, நாள்பட இருக்கும், 785 நானோமீட்டர் லேசரோடு ஒத்துப்போகும். அந்த அலைநீளத்தில் உயிர்ப்பொருள்களின் பின்னணி ஒளிர்வும் குறைவு என்பதால் பாக்டீரியாவுக்குப் பலரும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சரி, இப்போது துகள்களைப் பாக்டீரியாவோடு கலக்கிறோம். லேசர் பாய்ச்சுகிறோம். அழகான உச்சங்கள் வருகின்றன. அவை எதன் உச்சங்கள்?

இந்தக் கேள்விக்கு இந்தத் துறை நீண்ட காலம் தவறான பதிலை வைத்திருந்தது. உலோகத்தின் பெருக்கம் மேற்பரப்பிலிருந்து சில நானோமீட்டர் தூரத்திலேயே அற்றுப்போகும். கிராம் பாசிட்டிவ் எனப்படும் தடித்த சுவருள்ள வகைப் பாக்டீரியாவின் சுவர் மட்டுமே 20 முதல் 80 நானோமீட்டர் தடிமன். எனவே வெளியே ஒட்டிய தங்கத்துக்குச் செல்லின் உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வோ புரதங்களோ தெரியவே தெரியாது. தெரிவது சுவரின் வெளித்தோல்தான் என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். ஏராளமான பாக்டீரியாக்களின் செர்ஸ் நிறமாலையில் 730 அலை எண் அருகே ஒரு பெரிய உச்சம் வரும். அதைச் சுவரில் உள்ள சர்க்கரைப் பொருள் என்று சிலர் எழுதினார்கள், வேறு சிலர் வேறு பொருள்களைச் சொன்னார்கள். 2016இல் இரண்டு ஆய்வுகள் இதற்கு விடை சொல்லின. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பிரேமசிரியும் சீக்ளரும் அவர்கள் குழுவினரும், அந்த நிறமாலையை ஆள்வது அடினின், ஹைப்போசாந்தைன், சாந்தைன், குவானின், யூரிக் அமிலம் போன்ற பியூரின் வகைச் சிறு மூலக்கூறுகள் என்று காட்டினார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் கனமான ஐசோடோப்புகளை ஊட்டி வளர்த்த பாக்டீரியாவை வைத்துப் பார்த்தபோது, 730 உச்சம் நகர்ந்த விதம் அடினின் தொடர்பான மூலக்கூறைத்தான் சுட்டியது.

அந்த மூலக்கூறுகள் எப்படி வெளியே வந்தன? இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அளவிடுவதற்கு முன் பாக்டீரியாவை ஊட்டக் குழம்பிலிருந்து பிரித்து, கழுவி, வெறும் தண்ணீரில் விடுவது வழக்கம். பாக்டீரியாவுக்கு அது திடீர்ப் பட்டினி. பட்டினியில் அது தன் ஆர்.என்.ஏ.வை உடைத்து உயிர் பிழைக்கப் பார்க்கிறது; உடைத்ததில் மிஞ்சும் பியூரின்களை வெளியே விடுகிறது. அந்தப் பியூரின்கள் தங்கத்திலும் வெள்ளியிலும் ஆசையோடு ஒட்டிக்கொள்கிற குணம் உள்ளவை. ஆக, நாம் பார்க்கிற நிறமாலையில் பெரும்பங்கு பட்டினி கிடக்கிற பாக்டீரியாவின் கழிவு. ஒவ்வொரு இனத்திலும் பியூரின்களைக் கையாளும் நொதிகள் வேறு வேறு என்பதால், வெளிவரும் கலவையின் விகிதமும் இனத்துக்கு இனம் வேறு. அதனால்தான் அடையாளம் காணவும் முடிகிறது. அந்த அடையாளத்துக்கு உயிரியல் அடித்தளம் உண்டு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் யோசித்துப் பாருங்கள். கழுவிய பிறகு ஐந்து நிமிடம் காத்திருந்தீர்களா, ஒரு மணி நேரமா? தண்ணீரா, உப்பு நீரா? அறை வெப்பம் எவ்வளவு? பாக்டீரியா வேகமாகப் பெருகிக்கொண்டிருந்ததா, வளர்ந்து அடங்கிவிட்டதா? இவை ஒவ்வொன்றும் பட்டினியின் அளவை மாற்றும், நிறமாலையையும் மாற்றும். ஒரே இனத்துக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு விதமான நிறமாலையை வெளியிட்டிருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து. இரண்டு இடத்திலும் திறமைக் குறைவு எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. கைரேகைப் பதிவுபோல ஒரு பொதுவான நிறமாலை நூலகத்தைக் கட்டி, உலகில் எந்த லேபும் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்ற கனவு இதனால்தான் தள்ளிப்போகிறது.

இதே குணம் இன்னொரு இடத்தில் வரமாகிறது. பாக்டீரியா உயிரோடு, சுறுசுறுப்பாக இருக்கிறதா என்பதை இந்தப் பியூரின் உச்சங்களே காட்டிக்கொடுக்கின்றன. மருந்துக்குக் கட்டுப்படுகிற பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் உச்சம் சரியும். மருந்துக்கு அடங்காததில் அப்படியே நிற்கும். தைவான் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை வைத்து, எந்த மருந்து கேட்கும் என்பதை மருந்து கொடுத்த இரண்டு மணி நேரத்தில் கணிக்கலாம் என்று காட்டியது. கிருமியின் பெயரைவிட மருந்தின் பெயர்தான் நோயாளிக்கு முதலில் வேண்டும். அதனால் இந்தத் துறை இந்தப் பக்கம் இன்னும் அதிகம் திரும்பவேண்டும் என்று நினைக்கிறேன்.

இனி குறுகிய கேள்விகளுக்கு வருவோம். இதில் எனக்குத் தெரிந்த மிகச் சுத்தமான உதாரணம் ஆந்த்ராக்ஸ். 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் பாக்டீரியாவின் வித்துகளை (அது உறங்குநிலையில் எடுக்கும் கடினமான வடிவம்) தூளாகக் கடிதங்களில் வைத்து அனுப்பியதில் 22 பேருக்கு நோய் வந்து 5 பேர் இறந்தார்கள். ஒரு வெள்ளைத் தூள் ஆபத்தானதா இல்லையா என்று நின்ற இடத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டிய அவசரம் அப்போது வந்தது. பாசில்லஸ் வகை வித்துகளின் உலர் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கால்சியம் டைபிகோலினேட் என்ற ஒரே பொருள். அன்றாடம் நம்மைச் சுற்றியிருக்கும் தூள்களில் அது கிடையாது. 2005இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வான் டைனின் குழு, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் வித்துகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, நானோ கோளங்களின் மேல் வெள்ளி படிய வைத்த தகட்டில் அளந்தது. ஆந்த்ராக்ஸின் தீங்கற்ற உறவினரான பாசில்லஸ் சப்டிலிஸின் வித்துகளை வைத்துத்தான் சோதித்தார்கள். மொத்தம் 11 நிமிடம், சுமார் 2,600 வித்துகள் இருந்தாலே தெரிந்தது. நோய் உண்டாக்கத் தேவை என்று அவர்கள் எடுத்துக்கொண்ட அளவு 10,000. பேட்டரியில் ஓடும் கையடக்கக் கருவியிலும் செய்து காட்டினார்கள். இங்கே கேள்வி ஒற்றை மூலக்கூறைப் பற்றியது, அதன் உச்சமும் தெளிவானது. பாசில்லஸ் குடும்பத்தின் தீங்கற்ற வித்துகளிலும் அதே பொருள் இருப்பதால் "இது ஆந்த்ராக்ஸ்தான்" என்று இந்தச் சோதனையால் உறுதி சொல்ல முடியாது. "இந்தத் தூளைத் தொடாதீர்கள், முழுச் சோதனைக்கு அனுப்புங்கள்" என்று சொல்ல அது போதும்.

குறுகிய கேள்விக்கு இன்னொரு வழி, அடையாளத் துகள்கள். பாக்டீரியாவின் மங்கலான ஒளியை நம்பாமல், தங்கத் துகளின் மேல் பலமாக ராமன் ஒளி தருகிற ஒரு சாய மூலக்கூறை ஏற்றி, அதன் மேல் குறிப்பிட்ட கிருமியை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியைப் பொருத்துவார்கள். சால்மொனெல்லாவைப் பிடிக்கும் துகளுக்கு ஒரு சாயம், லிஸ்டீரியாவைப் பிடிக்கும் துகளுக்கு வேறொரு சாயம். ராமன் உச்சங்கள் குறுகலானவை என்பதால் ஒரே குழாயில் பல சாயங்களைக் குழப்பமின்றிப் பிரித்துப் பார்க்கலாம். ஒளிர்சாயங்களில் உச்சங்கள் அகலமாகி ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடும். காந்தத் துகள்களிலும் அதே ஆன்டிபாடியைப் பொருத்தினால், பால், இறைச்சிச் சாறு போன்ற கலங்கலான மாதிரியிலிருந்து கிருமியை ஒரு காந்தத்தால் ஒரு மூலைக்கு இழுத்து அங்கேயே அளக்கலாம். கோவிட் ஆன்டிஜன் பட்டையிலும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையிலும் சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். பல பட்டைகளில் அந்தச் சிவப்பு தங்க நானோ துகளின் நிறம்தான். அதே பட்டையில் அடையாளத் துகள்களை வைத்து ராமன் கருவியால் படித்தால், கண்ணுக்கே தெரியாத மங்கல் கோடும் தெரியும். நடைமுறையில் முதலில் பரவப்போவது இந்த வகைதான் என்பது என் கணிப்பு. நீங்கள் தேடாத கிருமி இருந்தால் இது சொல்லாது, அது ஒன்றுதான் குறை.

நோயாளியின் மாதிரிக்கு வரும்போது கணக்கு வேறு. செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உடல் முழுவதையும் பாதிக்கும் நிலை, வந்தவரின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் பாக்டீரியா சில சமயம் பத்துக்கும் கீழே, நூறைத் தாண்டுவதே அரிது. அதே மில்லிலிட்டரில் சிவப்பணுக்கள் சுமார் 500 கோடி. லேசர் குவியும் இடமோ ஒரு மைக்ரோமீட்டர் அகலம். பத்து பாக்டீரியாவை 500 கோடி சிவப்பணுக்களுக்கு நடுவே தேடிப் பிடித்து அதன் மேல் லேசரை நிறுத்தவேண்டும். அளவிட ஒரு நொடி போதும், ஆனால் தேடிப் பிடித்துப் பிரிக்க? "சில நிமிடங்களில்" என்று செய்திகளில் வருவது பெரும்பாலும் அந்தக் கடைசி நொடியைப் பற்றித்தான். மாதிரியைத் தயார்செய்யும் நேரம் அதில் சேர்வதில்லை. தைவான் ஆய்வாளர்கள் 2011இல் இதற்கு ஓர் அழகான வழி காட்டினார்கள். வான்கோமைசின் என்கிற ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவின் சுவரைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. வெள்ளி நானோ துகள்கள் வரிசையாக அமைந்த தகட்டில் அதைப் பூசியபோது, பாக்டீரியா சிக்குவது ஆயிரம் மடங்கு வரை கூடியது, ரத்த அணுக்கள் ஒட்டவில்லை. பூச்சும் நிறமாலையைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. கொல்லப் பயன்படும் மருந்தையே பிடிக்கும் கையாக மாற்றிய யோசனை அது.

உங்கள் அப்பாவின் விஷயமான சிறுநீர் இதைவிட எளிது. தொற்று என்று மருத்துவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவே மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் பாக்டீரியா. 2004இலேயே இங்கிலாந்தில் ஜார்விஸும் குட்ஏக்கரும் சிறுநீர்த் தொற்று நோயாளிகளிடமிருந்து எடுத்து வளர்த்த பாக்டீரியாக்களை செர்ஸ் முறையில் பிரித்துக் காட்டினார்கள். நேரடிச் சிறுநீரில் ஒரு தொல்லை உண்டு. யூரிக் அமிலமும் ஒரு பியூரின்தான். அது சிறுநீரில் ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறது, உலோகத்தில் நன்றாக ஒட்டும், பலமான உச்சங்கள் தரும். பாக்டீரியாவை வடிகட்டிக் கழுவாமல் அளந்தால் சிறுநீரின் நிறமாலைதான் வரும்.

கணினி வந்த பிறகு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2019இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு 30 வகை நோய்க்கிருமிகளின் ராமன் நிறமாலைகளை ஆழ்கற்றல் முறைக்குக் கற்றுக்கொடுத்தது. ஒவ்வொரு அளவீடும் மிக மங்கல், ஆனாலும் கிருமியைச் சரியாகச் சொன்னது 82 சதவீதத்துக்கு மேல். அதைவிட முக்கியம், எந்த மருந்துப் பிரிவு பொருந்தும் என்று சொன்னது 97 சதவீதம். தவறிய இடங்களில் பெரும்பாலும் ஒரே மருந்துக்குக் கட்டுப்படும் உறவினர்களுக்குள்தான் குழம்பியது. நோயாளிக்கு அதனால் பாதகம் குறைவு. கவனிக்கவேண்டியது, இதில் நானோ துகள்களைப் பாக்டீரியாவோடு கலக்கவில்லை. தங்கம் பூசிய தகட்டில் வைத்து, செல் முழுவதிலிருந்தும் வரும் சாதாரண ராமன் ஒளியை அளந்தார்கள். அதனால் பட்டினிக் கழிவுப் பிரச்சினை இங்கே குறுக்கே வரவில்லை. 2023இல் அதே குழு அடுத்த படிக்குப் போய், எலியின் ரத்தத்தில் பாக்டீரியாவையும் தங்க நானோ தண்டுகளையும் கலந்து, ஒலி அலையால் மிகச் சிறிய துளிகளாகத் தெளித்து, ஒவ்வொரு துளியையும் தனித்தனியே அளந்தது. ஒரு துளியில் சில செல்களே இருப்பதால், 500 கோடிக்குள் தேடும் பிரச்சினையை அவர்கள் துளிகளாகப் பிரித்து எதிர்கொள்கிறார்கள். இந்தப் பாதை எனக்கு நம்பிக்கை தருகிறது.

கணினி முறைகளில் 99 சதவீதம் என்று எங்கேயாவது படித்தால் ஒன்றைக் கேளுங்கள்: கற்றுக்கொடுத்த நிறமாலைகளும் சோதித்த நிறமாலைகளும் ஒரே நாளில், ஒரே தட்டிலிருந்து எடுத்தவையா? அப்படியென்றால் அந்தக் கணினி பாக்டீரியாவைக் கற்றதா, அன்றைய தங்கக் கரைசலைக் கற்றதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வேறு நாள், வேறு கரைசல், வேறு நோயாளி, முடிந்தால் வேறு ஊர் லேப் என்று சோதித்துவிட்டு 85 சதவீதம் என்று எழுதுகிற கட்டுரையை நான் அதிகம் மதிப்பேன்.

ஆகவே மருத்துவமனைக்கு ஏன் வரவில்லை என்ற உங்கள் கேள்விக்கு விடை, கருவியின் விலை அல்ல. கையடக்க ராமன் கருவிகளைப் போதைப்பொருள் சோதனைக்கும் மருந்துத் தொழிற்சாலைகளில் மூலப்பொருளைச் சரிபார்க்கவும் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். தடையாக இருப்பவை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பெருக்குகிற உலோகத் தகடு, கழுவுவதிலிருந்து அளப்பது வரை எல்லாரும் ஒத்துக்கொள்கிற ஒரே செய்முறை, மனித மாதிரிகளில் பெரிய அளவிலான சோதனை. தகடு விஷயத்தில் முன்னேற்றம் நன்றாக இருக்கிறது. செய்முறையை ஒன்றாக்குவது மெதுவாக நகர்கிறது. புதிய துகள் செய்தால் கிடைக்கிற பாராட்டு, பழைய செய்முறையைப் பத்து லேபில் சரிபார்ப்பதற்குக் கிடைப்பதில்லை. நான் எதிர்பார்க்கிற வரிசை இது: உணவு, தண்ணீர்ச் சோதனைகளில் அடையாளத் துகள்கள் முதலில், சிறுநீரில் மருந்துத் தேர்வு அடுத்து, ரத்தம் கடைசியில்.

அதுவரை கல்ச்சர்தான். அப்பாவுக்கு மறுபடி தொற்று அறிகுறி வந்தால், முதல் ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்கு முன்பே சிறுநீரை லேபில் கொடுத்துவிடுங்கள். ஒரே ஒரு வேளை மருந்து உள்ளே போய்விட்டாலே தட்டில் எதுவும் வளராமல் போகலாம். ஆரம்பத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான குப்பியில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மயக்கம், குழப்பமான பேச்சு என்று இருந்தால் வீட்டில் மாதிரிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ரத்தமும் சிறுநீரும் எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்ததும், "இதைப் பார்த்து மருந்தை மாற்றவேண்டுமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஊகத்தில் தொடங்கிய மருந்தை அந்தக் கிருமிக்கு மட்டும் உரிய மருந்தாக மாற்றுவதற்குத்தான் அந்த ரிப்போர்ட் எடுக்கப்படுகிறது.